காகிதம் யாருடையது? டால்ஸ்டாய் வீட்டைப் பற்றி வாசகர் கேள்விகள்

லியோ டால்ஸ்டாயின் இல்லறத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். தேதிகள் அக்கால ரஷ்ய நாட்காட்டியின்படி தரப்பட்டுள்ளன. ஏன் என்பதற்குத் தனிக் கேள்வியே வந்திருக்கிறது.

மதுரை வாசகர்: டால்ஸ்டாய் மகான், மனைவி சண்டைக்காரி, அவர் தொல்லை தாங்காமல்தான் 82 வயதில் வீட்டைவிட்டுப் போய் ரயில் நிலையத்தில் இறந்தார் என்று படித்திருக்கிறேன். சரிதானா ஐயா?

போனதும் இறந்ததும் நடந்தவைதான். ‘சண்டைக்காரி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1910-இல் அந்த வீட்டில் இருந்தவர்களும் வந்துபோனவர்களுமாகப் பலர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். டால்ஸ்டாய் எழுதினார். மனைவி சோபியா எழுதினார். செயலாளர் புல்ககோவ், பியானோ கலைஞர் கோல்டன்வைசர், தட்டச்சு செய்த பெண் என்று மற்றவர்களும் எழுதினார்கள். குடும்ப மருத்துவர் மகோவித்ஸ்கி சட்டைப்பையில் சிறு தாள்களை வைத்துக்கொண்டு, பேசும்போதே பைக்குள் கையைவிட்டுக் குறித்துக்கொள்வார். இவர்களில் அநேகர் டால்ஸ்டாயின் தலைமைச் சீடர் செர்த்கோவின் பக்கம் நின்றவர்கள். புல்ககோவ் ஒருவர்தான் இரண்டு பக்கமும் பார்த்து எழுதியவர். பிற்பாடு 90 தொகுதிகளாக வந்த டால்ஸ்டாய் முழுத் தொகுப்பின் பொறுப்பும் முதலில் செர்த்கோவிடமே இருந்தது. ஆக, உலகம் கேட்டது பெரும்பாலும் ஒரு தரப்பின் வாக்குமூலம்.

சோபியா குற்றமற்றவர் என்று சொல்ல வரவில்லை. கடைசி ஆண்டில் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டார், அபின் குடித்துச் சாவேன் என்று மிரட்டினார், வயலோரப் பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். இவற்றில் பல அவருடைய நாட்குறிப்பிலேயே உள்ளன. ஆனால் 48 வருட இல்லறத்தைக் கடைசி நான்கு மாதங்களை வைத்து எடைபோடுவது நியாயமில்லை. அந்த வீட்டின் நீண்ட பூசலைத் தோண்டிப் போனால் அடியில் எப்போதும் ஒரு காகிதக் கட்டுதான் கிடக்கிறது: நாட்குறிப்பு, கைப்பிரதி, பதிப்புரிமை, உயில். அதை எழுதியது ஒருவர், படியெடுத்துக் காப்பாற்றியது இன்னொருவர் என்றால் அது யாருடையது? கீழே வரும் கேள்விகள் பலவற்றுக்கும் இதுதான் முடிச்சு.

திருச்சி வாசகி: கல்யாணத்துக்கு முன்பே தன் பழைய நாட்குறிப்பை அவர் படிக்கக் கொடுத்தாராமே? நேர்மைதானே அது?

நேர்மை என்றுதான் அவர் நினைத்தார். கேட்டுக்கொள்ள வேண்டிய பெண்ணுக்கு வயது 18. சோபியாவின் தந்தை பேர்ஸ், மாஸ்கோ கிரெம்ளின் அரண்மனை மருத்துவர். 1862 செப்டம்பர் 16 அன்று டால்ஸ்டாய் பெண் கேட்டார், 23 அன்று கிரெம்ளினுக்குள் இருந்த தேவாலயத்தில் திருமணம். நடுவில் இருந்தது ஒரே வாரம். மாப்பிள்ளைக்கு 34 வயது. அந்த ஒரு வாரத்துக்குள் சூதாட்டக் கடன், விபசார விடுதி, நோய், பண்ணையிலேயே இருந்த அக்ஸீனியா என்ற குடியானவப் பெண்ணுடன் இருந்த உறவு எல்லாம் எழுதிய நோட்டுகள் அந்தப் பெண் கைக்கு வந்தன.

எழுதிய இடமும் வாழப்போகும் இடமும் ஒன்றாக இருந்ததுதான் இதில் கொடுமை. டால்ஸ்டாயின் பண்ணையான யாஸ்னயா போல்யானாவுக்கு மருமகளாகப் போனபோது அக்ஸீனியா அங்கேதான் இருந்தாள். வீட்டு வேலைக்கும் வந்தாள். அவளுக்கும் டால்ஸ்டாய்க்கும் பிறந்த மகன் திமோபேய் பிற்காலத்தில் அதே குடும்பத்தில் வண்டியோட்டினார். பாவமன்னிப்பு கேட்டவருக்குப் பாரம் இறங்கிவிட்டது. படித்தவர் அதைக் கடைசிவரை சுமந்தார். சோபியாவின் பிற்கால நாட்குறிப்புகளிலும் அந்தக் காயம் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்னொரு வழக்கமும் அன்றே தொடங்கிவிட்டது: ஒருவர் நாட்குறிப்பை மற்றவர் படிப்பது. நேரில் சொல்ல முடியாததை நோட்டில் எழுதி, மற்றவர் கண்ணில் படும்படி வைப்பார்கள். முதலில் அன்பின் அடையாளமாக இருந்தது, பிறகு ஆயுதமானது.

கோயம்புத்தூர் வாசகர்: ‘போரும் வாழ்வும்’ நாவலைச் சோபியா ஏழு முறை கையால் எழுதினார் என்கிறார்கள். மனிதரால் ஆகிற காரியமா?

முழு நாவலையும் முதலிலிருந்து முடிவுவரை ஏழு முறை என்று பொருள் கொண்டால் அது மிகை. சில அத்தியாயங்கள் ஏழுக்கும் மேல் எழுதப்பட்டிருக்கும், சில இரண்டு முறையோடு நின்றிருக்கும். அந்த நாவலுக்கான கைப்பிரதிகள் மட்டும் 5,000 தாள்களுக்கு மேல் மிஞ்சியிருக்கின்றன. அதைப் பார்த்தால் எண்ணிக்கை பற்றிய சண்டையே வேண்டாம் என்று தோன்றும்.

வேலை நடந்த விதம் இதுதான். டால்ஸ்டாய் பகலில் எழுதுவார். கையெழுத்து மிக மோசம். வரிகளுக்கு நடுவே, ஓரத்தில், குறுக்கே, தாளின் மூலையில் என்று திருத்தங்கள் ஓடும், பாதிச் சொற்கள் சுருக்கமாக நிற்கும். குழந்தைகள் தூங்கி, வீட்டுக் கணக்கு முடிந்தபின் சோபியா மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்காருவார். கிட்டப்பார்வை உள்ளவர். சில இடங்களுக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படும். எழுதியவரே திரும்பப் படிக்க முடியாமல் மனைவியைக் கேட்ட வரிகளும் உண்டு. காலையில் சுத்தப் பிரதி கணவர் மேசையில் இருக்கும். சுத்தமாக இருப்பதைக் கண்டதும் அவருக்கு மறுபடி திருத்தத் தோன்றும். மாலைக்குள் அதுவும் கறுத்துவிடும். இரவு மீண்டும் முதலிலிருந்து.

‘அன்னா கரீனினா’ அச்சில் இருந்தபோது இது இன்னும் முற்றியது. அச்சகத்திலிருந்து வரும் மெய்ப்புத் தாளை அடையாளம் தெரியாமல் திருத்திவிடுவார். அதை அப்படியே அனுப்பினால் அச்சுக்கோப்பவருக்குத் தலையும் வாலும் புரியாது. சோபியா இரவோடு இரவாகத் தெளிவாக எழுதி வைப்பார். காலையில் தபாலுக்குப் போகும் முன் ‘கடைசியாக ஒரு முறை’ என்று கணவர் எடுத்துக்கொண்டு போவார், மாலையில் மறுபடி அதே கோலத்தில் திரும்பும். அனுப்பியபின் ஒரு சொல்லை மாற்றத் தந்தி கொடுத்ததும் உண்டு.

இந்த உழைப்பைத் தியாகம் என்று மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். சோபியாவுக்கு அது பிடித்த வேலை. உலகத்தில் முதல் வாசகி தான்தான் என்ற மகிழ்ச்சி அதில் இருந்தது. 1880-களுக்குப் பிறகு படியெடுக்கும் வேலை மகள்கள் தத்யானா, மரியா கைக்குப் போய், பிறகு கடைசி மகள் அலெக்ஸாண்ட்ராவுக்குப் போனது. ரெமிங்டன் தட்டச்சு எந்திரம் வந்தது. அது இருந்த அறைக்கே ‘ரெமிங்டன் அறை’ என்று பெயர். எழுதியவை எல்லாவற்றின் பிரதியும் செர்த்கோவுக்குப் போயின. அவர் நாடுகடத்தப்பட்டு இங்கிலாந்தில் இருந்த ஆண்டுகளில் கிறைஸ்ட்சர்ச் ஊரில் இதற்கென்றே ஒரு காப்பறை வைத்திருந்தார். மனைவிக்கோ புதிய பக்கங்கள் கண்ணில் படவில்லை. வெளியார் பார்வைக்கு இது அற்பப் பொறாமை. முதல் வாசகி என்ற இடத்திலிருந்து வாசலுக்குத் தள்ளப்பட்டவருக்கு அப்படி இருக்காது.

சேலம் வாசகி: குழந்தைகள் எத்தனை பேர்?

1863 முதல் 1888 வரை 13 பிள்ளைகள். ஐந்து பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள், எட்டுப் பேர் வளர்ந்தார்கள். முதல் மகன் செர்கேய் பிறந்தவுடனே முதல் பெரிய சண்டையும் வந்தது. தாய்க்கு மார்பில் சீழ்க்கட்டி, மருத்துவர் பால் கொடுக்கக் கூடாது என்றார். டால்ஸ்டாய் செவிலித்தாய் வைப்பதை வெறுத்தார், வலியோடு கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றார். 1871-இல் மரியா பிறந்தபின் பிரசவக் காய்ச்சலில் சோபியா சாவின் விளிம்புவரை போய்வந்தார். அதற்குப் பிறகும் எட்டுப் பிரசவங்கள்.

கடைசிப் பிள்ளை இவான். வீட்டில் செல்லமாக வனேச்கா. 1895 பிப்ரவரி 23 அன்று செங்காய்ச்சலில் போனான். ஏழு வயது நிறையவில்லை. பெற்றோர் இருவரையும் கட்டிவைத்திருந்த கடைசிக் கயிறு அவன்தான்.

சென்னை வாசகர்: சொத்து வேண்டாம் என்று போதித்தவர் வீட்டில் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி. பலர் இதைக் கேட்பதில்லை.

இளம் வயதில் டால்ஸ்டாய் சூதாட்டக் கடனுக்காகத் தான் பிறந்த பெரிய மாளிகையையே விற்றவர். 1854-இல் வாங்கியவர் அதைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார். இன்று நாம் அருங்காட்சியகமாகப் பார்ப்பது, பக்கத்தில் நின்ற கிளைக் கட்டடம். குடும்பம் பெருகப் பெருக அதையே கூட்டிக் கட்டிக்கொண்டார்கள்.

1870-களின் கடைசியில் அவர் மனம் திரும்பியது. நிலம் வைத்திருப்பது பாவம், பணம் பாவம், எழுத்துக்குக் கூலி வாங்குவதும் பாவம் என்றார். பிள்ளைகள் படிக்க வேண்டிய பருவம் அது. 1881-இல் குடும்பம் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஹமோவ்னிகி பகுதியில் வீடு வாங்கினார்கள். அங்கே அவர் செருப்புத் தைத்தார், விறகு வெட்டினார், தண்ணீர் இழுத்துவந்தார். பள்ளிக் கட்டணம், சமையற்காரர் சம்பளம், வரி எல்லாம் சோபியாவின் கணக்குப் புத்தகத்தில் ஏறின.

சட்டப்படி நடந்தவை நான்கு. 1883-இல் சொத்து முழுவதையும் நிர்வகிக்கும் அதிகாரப் பத்திரத்தை மனைவிக்கு எழுதிக் கொடுத்தார். 1885 முதல் சோபியாவே கணவரின் நூல்களைப் பதிப்பித்தார். தொழில் கற்க அவர் போய்ப் பார்த்தது தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னாவை. கணவர் நூல்களைத் தானே அச்சிட்டு விற்றுக் கடன் அடைத்த அனுபவசாலி அவர். 1891 செப்டம்பரில் டால்ஸ்டாய் செய்தித்தாள்களுக்குக் கடிதம் எழுதி, 1881-க்குப் பிறகு எழுதிய எதையும் யாரும் காசு கொடுக்காமல் அச்சிடலாம் என்று அறிவித்தார். அதற்கு முந்தியவை, அதாவது இரண்டு பெரிய நாவல்களும், மனைவி பொறுப்பிலேயே இருந்தன. 1892-இல், தான் இறந்துவிட்டதுபோலப் பாவித்து, நிலபுலன்களை மனைவிக்கும் ஒன்பது பிள்ளைகளுக்கும் பங்கு பிரித்தார். மரியா மட்டும் அப்போது தன் பங்கு வேண்டாம் என்றாள்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை எங்கே? பாவம் என்று அவர் உதறியதை மனைவி தலையில் வைத்தார், பிறகு அதைச் சுமப்பதற்காக மனைவியைக் குறை சொன்னார். பண்ணைக் காட்டில் மரம் வெட்டும் குடியானவர்களைப் பிடிக்கச் சோபியா ஒரு செர்கேசியக் காவலாளியை வைத்தார். தனக்குப் பழக்கமான விவசாயி ஒருவரை அந்தக் காவலாளி இழுத்துவருவதைப் பார்த்து டால்ஸ்டாய் கூனிக்குறுகினார். அவர் வேதனை பொய்யில்லை. காவல் இல்லாவிட்டால் காடு மிஞ்சாது என்பதும் பொய்யில்லை.

தஞ்சாவூர் வாசகி: அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கென்றே ஒரு விசேஷ இனிப்பு உண்டாமே? செய்முறை கிடைக்குமா?

கிடைக்கும். அதன் பெயர் ‘ஆங்கே பை’. பேர்ஸ் குடும்பத்தின் நண்பரான மருத்துவர் ஆங்கே, சோபியாவின் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது. மகளோடு சீதனம்போல யாஸ்னயா போல்யானாவுக்கு வந்தது. பிறந்தநாள், பெயர்த் திருநாள் எதுவானாலும் இது இல்லாமல் நடக்காது. சோபியாவும் அவர் தம்பி ஸ்தெபானும் எழுதிவைத்த சமையல் குறிப்பேட்டில் 162 குறிப்புகள் உள்ளன. இதுவும் அதில் இருக்கிறது.

அளவுகள் ரஷ்யப் பவுண்டில் உள்ளன. ஒரு ரஷ்யப் பவுண்டு சுமார் 410 கிராம். நம் பவுண்டுக் கணக்கில் போட்டால் மாவு கூடிவிடும், கவனம். மாவுக்கு: மைதா 410 கிராம், வெண்ணெய் 205 கிராம், பொடித்த சர்க்கரை 100 கிராம், முட்டை மஞ்சள் கரு 3, தண்ணீர் ஒரு சிறு மதுக்கிண்ணம், அதாவது 50 மில்லி அளவு. பூரணத்துக்கு: வெண்ணெய் 100 கிராம், முழு முட்டை 2, சர்க்கரை 205 கிராம், இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல், மூன்று எலுமிச்சையின் சாறு.

வெண்ணெய் நிலவறையிலிருந்து அப்போதுதான் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று குறிப்பேடு சொல்கிறது. காரணம் இருக்கிறது. குளிர்ந்த வெண்ணெய் மாவுக்குள் சிறு துண்டுகளாக நின்றால்தான் வெந்தபின் பொறபொறவென்று உதிரும். நம் ஊர் வெயிலில் அது உருகி மாவோடு கலந்துவிடும், பிறகு ஓடுபோல இறுகும். ஆகவே வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நறுக்கி, விரல் நுனியால் மட்டும் மாவில் உதிர்த்து, சர்க்கரையும் கருவும் தண்ணீரும் சேர்த்துத் திரட்டி, அரை மணி நேரம் மறுபடி குளிரில் வையுங்கள். அழுத்திப் பிசைய வேண்டாம். நான்காகப் பிரித்து மெல்லிய வட்டங்களாகத் தேய்த்து, 180 டிகிரி அடுப்பில் 12 முதல் 15 நிமிடம், ஓரம் லேசாகச் சிவக்கும்வரை சுடுங்கள்.

பூரணத்தில்தான் பலருக்குத் தவறும். வெண்ணெயையும் முட்டையையும் தேய்த்து, சர்க்கரை, துருவல், சாறு சேர்த்துத் தேன் பதம் வரும்வரை கொதிக்கவிட வேண்டும் என்பது மூலக் குறிப்பு. நேரடித் தீயில் வைத்தால் முட்டை திரிந்து பொரியலாகிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்துக் கைவிடாமல் கிளறினால் 10, 15 நிமிடத்தில் கெட்டியாகும். இன்னொன்று: அங்கே சொல்லும் எலுமிச்சை பெரியது. நம் நாட்டுப் பழம் என்றால் சாறுக்கு ஆறு, ஏழு வேண்டியிருக்கும். தோலை மேலாக மட்டும் துருவுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். ஆறியபின் அடுக்குகளுக்கு நடுவே தடவி, சில மணி நேரம் ஊறவிட்டு வெட்டுங்கள்.

இந்த இனிப்புக்கு அந்த வீட்டில் இன்னொரு பொருளும் இருந்தது. டால்ஸ்டாய் புலால் உண்பதை நிறுத்தி, மேல்தட்டு வாழ்க்கையையே வெறுக்கத் தொடங்கியபின், வசதியான குடும்ப ஒழுங்கின்மேல் வைத்த நம்பிக்கைக்கு ‘ஆங்கே பை’ என்று பெயர் வைத்தார். பிள்ளைகளுக்கு அது பண்டிகையின் ருசி, சோபியாவுக்குத் தாய்வீட்டு நினைவு. ஒரே மேசையில் இருந்துகொண்டு அதை வசைச் சொல்லாக்குவது எப்படித் தைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புதுச்சேரி வாசகர்: சோபியாவுக்கும் இசையமைப்பாளர் தனேயெவுக்கும் தொடர்பு இருந்ததா?

கள்ள உறவு என்ற பொருளில் இல்லை. வனேச்கா இறந்தபின் சோபியாவுக்கு இசை ஒன்றுதான் ஆறுதல் தந்தது. தனேயெவ் 1895, 1896 கோடைகளை யாஸ்னயா போல்யானாவில் கழித்தார், பியானோ வாசித்தார், டால்ஸ்டாயோடு சதுரங்கம் ஆடினார். சோபியாவின் மனம் அவர் பக்கம் சாய்ந்தது. அது தனேயெவுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. டால்ஸ்டாய் பொறாமையில் வெந்தார். 1897 ஜூலையில் வீட்டைவிட்டுப் போகிறேன் என்று கடிதம் எழுதி, போகாமல், அதை ஒரு நாற்காலியின் உறைக்குள் ஒளித்துவைத்தார். இங்கும் காகிதம்தான்.

திருநெல்வேலி வாசகர்: டால்ஸ்டாய்க்குத் திருக்குறள் தெரியும் என்பது உண்மையா?

உண்மை. 1908 டிசம்பர் 14 தேதியிட்டு இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் குறளிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். காந்தி தென்னாப்பிரிக்காவில் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்ட கடிதம் அது. எடுத்தவை இன்னாசெய்யாமை அதிகாரத்துக் குறள்கள். இன்னா செய்தவர் நாண நன்னயம் செய்துவிடச் சொல்லும் 314-ஆம் குறளும் அதில் உண்டு. வள்ளுவர் இந்த அதிகாரத்தை வைத்த இடம் துறவறவியல். டால்ஸ்டாயின் சிக்கலே அங்கேதான் இருந்தது. மனத்தால் துறவறத்துக்குப் போய்விட்டவர் 30 ஆண்டுகள் இல்லறத்துக்குள் இருந்தார். கூட இருந்தவர்கள் துறவு பூண்டவர்கள் அல்லர்.

ஈரோடு வாசகர் (வழக்கறிஞர்): ரகசிய உயில் விவகாரத்தைச் சட்ட நோக்கில் விளக்குவீர்களா?

முதலில் ஏன் உயில் தேவைப்பட்டது என்று பார்ப்போம். 1891 அறிவிப்பு அவர் உயிரோடு இருக்கும்வரைக்கும்தான் செல்லும். ரஷ்யச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு வாரிசுகளுக்கு உண்டு. உயில் இல்லாமல் இறந்தால் எல்லாம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். மகன்கள் சிலர் கடனில் இருந்தார்கள், விற்றுவிடுவார்கள் என்பது செர்த்கோவின் அச்சம்.

1909 செப்டம்பரில் செர்த்கோவ் தங்கியிருந்த கிரெக்ஷினோவில் முதல் முயற்சி நடந்தது. என் எழுத்து எவருடைய சொத்தும் அல்ல என்று டால்ஸ்டாய் எழுதினார். மாஸ்கோ வழக்கறிஞர் முராவ்யோவ் செல்லாது என்றார். சொத்தை ‘எல்லோருக்கும்’ என்று எழுத முடியாது, பெயர் சொல்லி ஒருவருக்குத்தான் எழுத முடியும். ஆகவே நவம்பரில் அலெக்ஸாண்ட்ராவை வாரிசாக்கிப் புதிதாக எழுதினார். 1910 ஜூலை 17 அன்று மீண்டும் திருத்தி எழுதினார். அதில் சட்டத்துக்கு வேண்டிய சில சொற்கள் விடுபட்டிருந்தன. ஜூலை 22 அன்று குதிரையில் கிளம்பி, குருமந்த் கிராமத்துக்குப் பக்கத்துக் காட்டில் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்து கடைசி உயிலைக் கைப்பட எழுதினார். மூன்று சாட்சிகள், அவர்களில் கோல்டன்வைசர் ஒருவர். எல்லா எழுத்தும், 1881-க்கு முந்தியவை உட்பட, அலெக்ஸாண்ட்ராவுக்கு. அவர் முந்தி இறந்தால் தத்யானாவுக்கு. கைப்பிரதிகளைப் பார்த்துப் பதிப்பிக்கும் பொறுப்பு செர்த்கோவுக்கு என்று தனிக் குறிப்பு ஒன்றும் சேர்ந்தது.

இப்போது இதற்கு மூன்று நாள் முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜூலை 19 அன்று நரம்பு–மனநோய் மருத்துவர் ரொசொலிமோ சோபியாவைப் பரிசோதிக்க வந்தார். சந்தேக நோயும் ஹிஸ்டீரியாவும் என்று முடிவு சொன்னார். சோபியாவின் முக்கியமான சந்தேகம் என்ன? தனக்குத் தெரியாமல் ஏதோ பத்திரம் எழுதுகிறார்கள் என்பது. அது நோயின் கற்பனை அன்று. அப்படியே நடந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே நடப்பதை ‘ஒன்றுமில்லை’ என்று எல்லோரும் மறுத்தால் திடமான மனமும் தடுமாறும்.

டால்ஸ்டாய்க்கே இது உறுத்தியது. ‘எனக்கு மட்டுமான நாட்குறிப்பு’ என்று ஜூலை 29 அன்று தனி நோட்டு ஒன்று தொடங்கியிருந்தார். பழைய நண்பர் பிரியுகோவ் வந்து, மறைத்துச் செய்தது தவறு என்றார். ஆகஸ்ட் 2 அன்று அந்த நோட்டில் டால்ஸ்டாய் தன் தவற்றை ஒப்புக்கொண்டார்: வாரிசுகளைக் கூட்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். செர்த்கோவுக்கும் எழுதினார். செர்த்கோவ் நீண்ட பதில் எழுதி அவர் மனத்தை மாற்றிவிட்டார். வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பெரும் சண்டை வந்திருக்கும், ஆனால் ஒரு முறையோடு போயிருக்கும். அந்த நோட்டைப் பூட்ஸுக்குள் ஒளித்துவைத்தார். சோபியா அதையும் கண்டெடுத்தார்.

உங்கள் தொழிலுக்கு உதவக்கூடிய ஒன்று: உயில் சட்டப்படி பழுதில்லாமல் இருந்தது, நிறைவேறவும் செய்தது. அவர் இறந்தபின் வெளிவந்த நூல்களின் வருவாயில் அலெக்ஸாண்ட்ரா பண்ணை நிலத்தைத் தாயிடமும் சகோதரர்களிடமும் வாங்கிக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்.

நாகர்கோவில் வாசகி: ஒரு புத்தகத்தில் அவர் இறந்தது நவம்பர் 7, இன்னொன்றில் நவம்பர் 20. எது சரி?

இரண்டும். ரஷ்யா 1918 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. இன்றைய தேதிக்கு மாற்ற, 19-ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாளும் 20-ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 13 நாளும் கூட்ட வேண்டும். அதனால்தான் பிறந்தநாள் ஆகஸ்ட் 28 என்றும் செப்டம்பர் 9 என்றும் வருகிறது. குழப்பம் வருவது ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலக்கும்போது. சோபியாவின் நாட்குறிப்பையும் வெளிநாட்டுச் செய்தித்தாளையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள், செய்தி இரண்டு வாரம் பிந்தி வந்ததுபோல ஏமாறுவார்கள். இந்தப் பதில்களில் 1918-க்கு முந்திய தேதிகள் எல்லாம் பழைய கணக்கு.

காரைக்குடி வாசகர்: அந்தக் கடைசி இரவில் என்னதான் நடந்தது?

1910 அக்டோபர் 27 இரவு. கணவர் நடமாட்டம் கேட்க வேண்டும் என்று சோபியா அறைக் கதவுகளைத் திறந்துவைக்கச் சொல்வது வழக்கமாகியிருந்தது. நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ மூன்று மணிக்கு, படிப்பறையில் வெளிச்சமும் காகிதம் புரட்டும் ஓசையும். சோபியா தேடுகிறார். எதை என்று இருவருக்கும் தெரியும். அவர் போனபின் டால்ஸ்டாய்க்கு மூச்சு முட்டியது, நாடியைப் பிடித்துப் பார்த்தார், 97 துடிப்பு. எழுந்து கடிதம் எழுதினார். 48 ஆண்டு தன்னோடு நேர்மையாக வாழ்ந்ததற்கு அதில் மனைவிக்கு நன்றி சொன்னார். மகோவித்ஸ்கியையும் அலெக்ஸாண்ட்ராவையும் எழுப்பினார். இருட்டில் குதிரை லாயத்துக்குப் போகும் வழியில் தடுமாறித் தொப்பியைத் தொலைத்தார். விடியுமுன் வண்டியேறி ஷ்செகினோ நிலையம், அங்கிருந்து ஓப்தினா மடம், பிறகு தங்கை மரியா துறவியாக இருந்த ஷமோர்தினோ. 31 அன்று மறுபடி ரயில் ஏறினார். காய்ச்சல் முற்றி அஸ்தபோவோவில் இறக்கி, நிலைய அதிகாரி ஓசொலின் தம் வீட்டைக் கொடுத்தார்.

கடிதத்தைப் படித்ததும் சோபியா தோட்டத்துக் குளத்தில் போய் விழுந்தார். அலெக்ஸாண்ட்ராவும் புல்ககோவும் மற்றவர்களும் இழுத்து வெளியேற்றினார்கள். தனி ரயில் அமர்த்தி அஸ்தபோவோ வந்தவரைக் கணவர் அறைக்குள் விடவில்லை. நோயாளிக்கு அதிர்ச்சி ஆகாது என்றார்கள். செர்த்கோவோ உள்ளே இருந்தார். சோபியா வெளியே நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் படக்காட்சி இன்றும் இருக்கிறது. நினைவு தப்பியபின்தான் உள்ளே அழைத்தார்கள். நவம்பர் 7 காலை 6.05-க்கு உயிர் பிரிந்தது.

வேலூர் வாசகி: அதற்குப் பிறகு சோபியா என்ன ஆனார்? அவர் எழுதியது ஏதாவது படிக்கக் கிடைக்குமா?

யாஸ்னயா போல்யானாவிலேயே இருந்தார். கணவர் அறையை அவர் விட்டுப்போனபடியே வைத்துக் காத்தார், நூலகத்துக்கு அட்டவணை எழுதினார், வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். தன் வசம் இருந்த கைப்பிரதிகளுக்காக மகளோடு வழக்காடி வென்று, 1915-இல் மாஸ்கோவின் ருமியான்ட்சேவ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1919 நவம்பர் 4 அன்று நிமோனியாவில் இறந்தார். டால்ஸ்டாயின் கல்லறை சிலுவையோ கல்லோ இல்லாத மண்மேடாகக் காட்டுக்குள் இருக்கிறது. சோபியாவைப் புதைத்தது அங்கே அல்ல, கொச்சாகி ஊர்த் தேவாலய இடுகாட்டில், பிள்ளைகளின் பக்கத்தில்.

எழுதியவை நிறைய. பல ஆண்டு நாட்குறிப்பு இருக்கிறது. ‘என் வாழ்க்கை’ என்ற பெரிய தன்வரலாறு ரஷ்ய மொழியில் முழுமையாக வந்தது 2011-இல்தான். ஏறக்குறைய ஆயிரம் புகைப்படங்களும் எடுத்திருக்கிறார். முதலில் படிக்க வேண்டியது ‘யார் குற்றம்?’ என்ற குறுநாவல். கணவர் எழுதிய ‘க்ரொய்ட்சர் சொனாட்டா’வில், பொறாமை பிடித்த கணவன் மனைவியைக் கொல்கிறான். ஊரே அதைத் தங்கள் வீட்டுக் கதையாகப் படித்ததைச் சோபியா அறிவார். தணிக்கையில் சிக்கிய அந்த நூலை வெளியிட அனுமதி கேட்டு 1891-இல் மூன்றாம் அலெக்ஸாந்தர் மன்னரை நேரில் பார்த்து வாங்கிவந்தவரும் அவரே. பிறகு உட்கார்ந்து, அதே கதையை மனைவி பக்கத்திலிருந்து எழுதினார். அது அச்சில் வந்தது 1994-இல், எழுதி நூறு ஆண்டு கழித்து. நாட்குறிப்பில் 1910-ஐ மட்டும் எடுத்துப் படிக்காதீர்கள். 1862-இலிருந்து தொடங்குங்கள்.